பொங்கலுக்குள் வர்ணம் பூச வேண்டாம்: வெள்ளம் வடிந்த வீட்டைத் திருத்துவது எப்படி?

கேள்வி: கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியவில் உள்ள என் அக்காவின் வீட்டுக்குள், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது களனி கங்கை பெருகி, இடுப்பளவு தண்ணீர் நான்கு நாட்கள் நின்றது. அத்தான் காலமாகிவிட்டார். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் இப்போது தெகிவளையில் எங்களோடு இருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா பணம் அனுப்புகிறார். பொங்கலுக்குள் சுவரைப் பூசி, வர்ணம் அடித்து அக்காவைக் குடியேற்ற வேண்டும், முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட வேண்டும் என்கிறார். நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அண்ணாவின் அவசரம் அன்பில் பிறந்தது. ஆனாலும் பொங்கலுக்குள் வர்ணம் பூசினால் அவர் அனுப்பும் பணத்தின் பெரும்பகுதி சித்திரைக்குள் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். கட்டடப் பொறியியலாளனாக இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மலையகத்தில் வெள்ளம் பாய்ந்து வந்து வீட்டை இடித்துக்கொண்டு போகிறது. கொலன்னாவ, வெல்லம்பிட்டியப் பக்கங்களில் அப்படியல்ல. அங்கே தண்ணீர் மெதுவாக ஏறும், வடிய நாட்கணக்கில் எடுக்கும். 2016 மே மாத வெள்ளத்திலும் இதைத்தான் கண்டோம். சுவர்கள் பெரும்பாலும் விழுவதில்லை. ஆனால் கல்லும் சாந்தும் அத்திவாரமும் முழுதாக ஊறிவிடுகின்றன. மேற்பரப்பு இரண்டு வாரத்தில் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். உங்கள் அக்காவின் வீட்டில் நீங்கள் போராட வேண்டியது இந்த ஊறலோடுதான்.

எதையும் கழுவி எறிவதற்கு முன் ஒவ்வோர் அறைச் சுவரிலும் தண்ணீர் நின்ற மட்டத்தைப் பென்சிலால் கோடு கிழியுங்கள். அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். பழுதான குளிர்சாதனப் பெட்டி, அலுமாரி, மெத்தை எல்லாவற்றையும் தனித்தனியே படமெடுத்து, ஒரு பட்டியலில் அக்காவைக் கொண்டு எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும் இழப்பீட்டு விண்ணப்பம் வீட்டுக்காரியான அக்காவின் பெயரிலேயே இருக்கட்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், அதோடு சேர்த்து வெள்ளக் காப்புறுதியும் எடுக்கப்பட்டிருக்கலாம். கடன் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். நனைந்த காணி உறுதியை அழுத்திக் காயவைப்பதோ, இஸ்திரி போடுவதோ கூடாது. தாள்களுக்கிடையே வைத்து நிழலில் உலர்த்துங்கள். அது படிக்க முடியாமல் போயிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம்.

துப்புரவுக்குப் போகும் எல்லோருக்கும் முழங்கால்வரை உயர்ந்த சப்பாத்தும் கையுறையும் வேண்டும். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். சேற்றில் இறங்க வேண்டியவர்கள், தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காலில் புண் இருந்தால் அன்று போகவே வேண்டாம். முதலில் சேற்றை வழித்து, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, அதன்பின்பே குளோரின் கரைசல் தெளிக்க வேண்டும். சேறு இருக்கும்போது தெளித்த குளோரின் வீண். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். வெளிவரும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

மின்சாரத்தில் எந்தத் துணிச்சலும் வேண்டாம். பிரதான சுவிட்ச் அணைத்தே இருக்கட்டும். பிளக் பொயின்ட்டுகளைக் கழற்றி, குழாய்களுக்குள் நின்ற தண்ணீரை வெளியேற்றி, தகுதியுள்ள மின் தொழில்நுட்பவியலாளர் சோதித்த பின்புதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். நனைந்த ட்ரிப் சுவிட்ச் காய்ந்த பிறகு வேலை செய்வதுபோல் தெரியும், ஆபத்து வரும் நாளில் விழாமல் போகலாம். அதைப் புதிதாக மாற்றுங்கள். கேஸ் ரெகுலேட்டரையும் குழாயையும் அப்படியே மாற்றுங்கள். மலக்குழி நிரம்பியிருந்தாலும் பவுசரை உடனே அழைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறியிருக்கும்போது குழியை முழுதாக வெறுமையாக்கினால், நிலத்தடி நீரின் அழுத்தத்தால் அது மேலெழலாம், இடியவும் செய்யலாம்.

சுவர்களில் மூலைவிட்டமாக ஓடும் புதிய வெடிப்போ, தரை தாழ்ந்த இடமோ தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். பிரதேச செயலகத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அல்லது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தினரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இனி உலர்த்தும் வேலைதான். ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு கல்லை விட்டு விலகியிருக்கிறது, அதைத் தண்ணீர்க் கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுங்கள். சுவரடியில் ஒட்டிய தரையோடுகளையும் கழற்றுங்கள். இடுப்புயரம்வரை எண்ணெய் வர்ணம் அடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், சுரண்டியே ஆக வேண்டும். துளையுள்ள சீமெந்துக் கல்லால் கட்டிய சுவரானால், அடி வரிசையில் சிறு துளைகள் இட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் வடியும். பகலில் எல்லா யன்னல்களும் திறந்திருக்கட்டும். மின்சாரம் வந்ததும் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஊறிப் பருத்த கதவுகளை இப்போது சீவாதீர்கள், காய்ந்தபின் இடைவெளி விழும்.

எவ்வளவு காலம்? சுவரின் ஓர் அங்குல ஈரம் காய ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலின் தோராயக் கணக்கு. இருபக்கமும் காற்றுப்படும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு நான்கைந்து மாதங்கள், நான்கங்குலக் கல் சுவருக்கு ஏறக்குறைய இரண்டு. கொழும்பின் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இன்னும் சற்றுக் கூடலாம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறைவு, அந்தக் காலத்தைச் சுவருக்கே கொடுத்துவிடுங்கள். காய்ந்ததா என்று அறிய, இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் நாடாவால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் பூச்சு வேலைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அதுவரை அக்கா வெளியேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. மின்சாரம், குடிநீர், மலசலகூடம் மூன்றும் சரியாகி, ஓர் அறை உலர்ந்துவிட்டால், வர்ணம் இல்லாத சுவரோடும் குடியிருக்கலாம். பொங்கல் பானையை முற்றத்தில் வைக்க வர்ணம் எதற்கு? பிள்ளைகளில் யாருக்காவது ஆஸ்துமா இழுப்பு இருந்தால் மட்டும் பூஞ்சணம் முழுதாகப் போகும்வரை உங்களோடு வைத்திருங்கள்.

அண்ணாவின் பணத்தை மொத்தமாக மேசனிடம் கொடுக்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பின் நல்ல வேலைக்காரருக்குத் தட்டுப்பாடு, பெரிய முற்பணம் கேட்பவர் பலர். பொருளை நீங்களே வாங்கிப் பற்றுச்சீட்டை வையுங்கள், கூலியைக் கட்டம் கட்டமாக, முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். இந்தப் பணம் முதலில் போக வேண்டியது அடுத்த வெள்ளத்துக்கான மாற்றங்களுக்கு. பிளக் பொயின்ட்டுகளைப் பென்சில் கோட்டுக்கு மேலே ஏற்றி, வயர்களைக் கூரைப் பக்கத்திலிருந்து கீழே இறக்குங்கள். குசினியில் பலகைத் தட்டுகளுக்குப் பதில் கொங்கிரீட் தட்டு போடுங்கள். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் வால்வு ஒன்று பூட்டுங்கள். தரையை உயர்த்தவோ மேல்மாடி எடுக்கவோ நினைத்தால், முதலில் உங்கள் பகுதி உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதி கேளுங்கள். முற்றத்தை மண் போட்டு நிரப்பினால் உங்கள் தண்ணீர் அயல்வீட்டுக்குப் போகும், அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. துப்புரவு செய்யும்போது அக்காவைக் கேட்காமல் எதையும் குப்பைக்குப் போடாதீர்கள். நனைந்த திருமணப் படமும் அத்தானின் சட்டையும் உங்கள் கண்ணுக்குப் பழுதாகத் தெரியலாம். அவரால் இப்போது முடிவெடுக்க முடியாவிட்டால், ஒரு பெட்டியில் போட்டு ஒதுக்கி வையுங்கள்.

விற்பது பற்றி: சுவரில் சேற்றுக் கோடு தெரியும் வீட்டுக்கு இப்போது நியாயமான விலை கிடைக்காது. அந்தப் பேச்சை ஏப்ரல் வரை தள்ளிப்போடச் சொல்லி அண்ணாவிடம் கேளுங்கள். அப்போது சுவர் பெரும்பாலும் காய்ந்திருக்கும், இழப்பீட்டு விண்ணப்பத்தின் நிலையும் தெரியவரும். தொலைபேசியில் நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டு அக்காவுக்கு அறிவிக்காமல், அவரும் அந்த அழைப்பில் இருக்கட்டும். போவதா இருப்பதா என்பதை முதலில் அவரே சொல்லட்டும்.