ஒளியிழையில் ஃபோட்டான் இணைகள்: லேசர் திறனைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி: ஒளியிழையில் உருவாக்கும் ஃபோட்டான் இணைகளில் உடன்நிகழ்வு–தற்செயல் விகிதம் (உண்மையான ஜோடிகள் சேர்ந்து வந்த எண்ணிக்கைக்கும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவற்றுக்கும் உள்ள விகிதம்) 2-ஐத் தாண்ட மறுக்கிறது. லேசர் திறனைக் கூட்டலாமா?

வேண்டாம். நீங்களும் ஆய்வு மாணவராகத்தான் இருப்பீர்கள். வழிகாட்டி அடுத்த வாரமே வரைபடம் கேட்டிருப்பார். இதே இடத்தில் நான் ஐந்து மாதம் நின்றவன்.

இரண்டு பம்ப் ஃபோட்டான்கள், அதாவது லேசரிலிருந்து இழைக்குள் நாம் செலுத்தும் ஃபோட்டான்கள், அழிந்துதான் ஓர் இணை பிறக்கிறது. அதனால் இணைகள் திறனின் இருமடியாகப் பெருகும், ராமன் இரைச்சல் (இழையின் அணு அதிர்வுகளில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளி) நேர்விகிதத்தில் மட்டுமே. இந்தக் கணக்கை நம்பித் திறனைக் கூட்டினேன். ஒரே லேசர் துடிப்பில் இரண்டு மூன்று இணைகள் பிறந்து, எதற்கு எது ஜோடி என்றே தெரியாமல் போயிற்று. விகிதம் இறங்கியது.

பிறகு இழைச்சுருளையே கழற்றிவிட்டு இரு முனைகளையும் நேராக இணைத்தேன். பாதிக்கு மேற்பட்ட எண்ணிக்கை அப்படியே நின்றது! இழை இல்லாமல் இணை ஏது? பம்ப் ஒளியைத் தடுக்க வேண்டிய வடிகட்டியிலேயே அது கசிந்திருக்கிறது. துடிப்புக்கு ஏறத்தாழ ஒரு கோடி பம்ப் ஃபோட்டான்கள். இணையோ நூறு துடிப்புக்கு ஒன்று. கசிவு இணைகளில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டுமானால் ஆயிரம் கோடியில் ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது, அதாவது 100 டெசிபெல் தடை. முதலில் இதைச் சோதியுங்கள்.

மிஞ்சியது ராமன் சிதறல். 2005-இல் ஜப்பானியத் தொலைத்தொடர்பு நிறுவனமான என்டிடியின் ஆய்வகத்தில் டகெசுவேவும் இனோவேயும் இழையைக் குளிர்வித்தே இதை அடக்கினார்கள். நாங்களும் 300 மீட்டர் சுருளைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துத் திரவ நைட்ரஜன் ஊற்றினோம். கொதித்து இரைந்து, வெண்புகை மேசை விளிம்பில் வழிந்து, மெல்ல அடங்கியது. திரையில் ஒரே உயரத்தில் நின்ற தற்செயல் கோடுகளுக்கு நடுவே, சற்றே உயர்ந்திருந்த உடன்நிகழ்வுக் கோடு மட்டும் மேலும் எழும்பத் தொடங்கியது. விகிதம் 3-இலிருந்து 18. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

'இழையின் காலம் முடிந்தது, இணைகளை உருவாக்கச் சிலிக்கான் சில்லுக்கு மாறு' என்று சிலர் இங்கே வருவார்கள். சில்லை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இழையில் பிறந்த ஃபோட்டான் இழையிலேயே பயணம் போகிறது. சில்லிலிருந்து இழைக்குள் செலுத்தும்போது எத்தனை தொலைகிறது என்பதையும் அவர்கள் சொல்லட்டும்.

அந்த நைட்ரஜனுக்குக் கைக்காசு கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. கேட்டால் 'கோப்பு மேசையில் இருக்கிறது' என்ற ஒரே பதில். வீட்டு வாடகைக்கு அம்மாவிடம் கை நீட்டிய முப்பது வயது மகனின் நிலை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வராது.

நைட்ரஜன் ஊற்றும்போது இணைப்பு முனைகளைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஈரம் உறைந்து எங்களுக்கு இரண்டு முனைகள் வீணாயின.