வாசகர் கேள்வி: லாங்வுட் சோலை

கேள்வி: கோத்தகிரி லாங்வுட் சோலையில் ஏரியே கிடையாதே, அது எப்படி உலகின் முக்கியச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் வந்தது? அங்கே ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஏரி இருந்தால்தான் சதுப்பு நிலம் என்று கணக்கில்லை. சுமார் 116 ஹெக்டேர் உள்ள இந்தச் சோலை 2024 ஜனவரியில் பட்டியலில் சேர்ந்தது. மரங்கள் குட்டை, கிளைகள் நெருக்கம்; பட்டையெல்லாம் பாசி. உதிரும் இலை குளிரில் மெதுவாகத்தான் மக்கும். அதனால் தடித்த கரிமண் சேர்ந்து, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கீழே உள்ள ஊர்களுக்கு அதுவே குடிநீர்.

அதிகாலையில் போங்கள். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கண்ணில் படுமுன் அதன் குரல் காதில் விழும். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் பறவையை உச்சிக்கிளையில் தேடாதீர்கள். அது அடிப்புதரில்தான் இருக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக்கூடாது. காட்டெருமை எதிரே நின்றால் சத்தமின்றிப் பின்வாங்குங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

அட்டைக்கு: பேன்ட் நுனியை நீளமான காலுறைக்குள் செருகி, மேலே உப்புத்தூள் தடவுங்கள். மழையில் அது கரைந்துவிடும், கையில் கொஞ்சம் வைத்திருங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல் நகத்தை ஓரத்தில் நுழைத்துத் தள்ளுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கசிவு நீடிக்கும். சோப்பால் கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

கேள்வி: அங்கே ஆரஞ்சுப் பூப் பூக்கும் புதர் அழகாக இருக்கிறதே?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: செஸ்ட்ரம், அயல்நாட்டுச் செடி. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. அதன் நிழலில் சோலை நாற்றுகள் எழும்புவதில்லை. வெட்டினால் துளிர்க்கும். காய்க்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும், அதுவும் வனத்துறை வேலை. உங்கள் தோட்டத்தில் நடாதீர்கள்.