பழைய நகரங்களின் வடிவத்தைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

மதுரையில் பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலை) நான்காம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பழைய நகரங்களின் வடிவத்தை ஆராய்ந்து அதன் வழியாக நகர வடிவமைப்பைக் கற்கும் மேற்படிப்பில் சேர விரும்புவதாகவும், பழைய தெருக்களை அளப்பவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று வீட்டில் கவலை எழுந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இதைப் பழம்பெருமை பேசும் படிப்பு என்று பலரும் எண்ணிவிடுவதால், அதில் உண்மையில் என்ன செய்யப்படுகிறது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நகர வடிவ ஆய்வு எனப்படும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முக்கியமானவர் எம்.ஆர்.ஜி. கான்சன் என்ற புவியியலாளர். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர், அந்நாட்டின் வட பகுதியிலுள்ள ஆனிக் என்னும் சிறு நகரத்தைப் பற்றி 1960இல் வெளியிட்ட ஆய்வில், ஊரின் அமைப்பைத் தெரு, மனை, கட்டடம் என மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கட்டடங்கள் அடிக்கடி மாறுகின்றன. மனை எல்லைகள் அவற்றைவிட நெடுநாள் நிற்கின்றன. தெருக்களோ இரண்டையும் கடந்து நிலைக்கின்றன. மதில் போன்ற எல்லைகளை ஒட்டிப் பெரிய மனைகளும் பொது நிறுவனங்களும் ஒரு பட்டையாகச் சேர்ந்துவிடுவதையும் அவர் விரிவாக விளக்கினார்.

இதை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக விரியும் அமைப்பின் வெளி விளிம்பில், 1840 வாக்கில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழியும் தூர்க்கப்பட்டது. அந்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. அப்பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரட், மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களை இரண்டு தெருக்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. மேல வெளி வீதியை ஒட்டி ரயில் நிலையமும், கீழ வெளி வீதியில் தூய மரியன்னை பேராலயமும் அமைந்திருப்பதைக் கான்சனின் கண்ணோடு பார்த்தால், மதில் போன பின்னும் அதன் கோடு ஊரை வடிவமைத்துக்கொண்டிருப்பது புரியும்.

இதனால் வடிவமைப்பாளருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். தேரோடும் மாசி வீதியில், குறுகிய முகப்பும் நீண்ட ஆழமும் கொண்ட நான்கு மனைகளை ஒருவர் வாங்கி ஒரே வணிக வளாகமாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் விதிக்கு உட்பட்டே இருக்கலாம். ஆயினும் தெருவை நோக்கித் திறந்திருந்த பல வாசல்கள் ஒன்றாகச் சுருங்கும், தரைத்தளம் வாகன நிறுத்தமாக மாறும், சிறு வியாபாரிக்கு இடமில்லாமல் போகும். அங்கே உயரத்தைவிட மனையின் அகலத்தையும் வாசல்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று சொல்ல, அந்த மனைகள் காலப்போக்கில் எப்படிப் பிரிந்தன, எப்படிச் சேர்ந்தன என்பதை வரைபடங்களால் மெய்ப்பிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. நம் நகரங்களில் இந்த வேலை போதிய அளவு நடப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இத்தாலியில் கட்டடக்கலைஞர் சவேரியோ முராத்தோரி 1959இல் வெனிஸ் நகரத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, இதே வேலையை வீட்டு வகைகளின் வழியே செய்தது. அந்த மரபைப் பின்பற்றிய பொலோஞ்ஞா நகராட்சி, 1970களில் பழைய நகரின் தொழிலாளர் வீடுகளை வகைப்படுத்தி, அவற்றின் அளவுகளைக் கொண்டே சீரமைத்தும் வெற்று மனைகளில் புதிதாகக் கட்டியும் குடியிருப்போரை அங்கேயே வாழவைக்க முனைந்தது. நம் அருகில், புதுச்சேரியின் வைசியாள் வீதியைச் சீரமைத்த பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளில் ஒன்றைப் பெற்றது.

இனி வேலைக்கு வருகிறேன். "நகர வடிவ ஆய்வாளர்" என்ற பெயரில் பணியிடங்கள் ஏறக்குறைய இல்லை. இந்த அறிவு நகர வடிவமைப்பாளர், மரபுப் பாதுகாப்புக் கட்டடக்கலைஞர், நகரமைப்பாளர், பேராசிரியர் என்ற பெயர்களுக்குள்ளேதான் ஊதியம் பெறுகிறது. தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையோடு ஒப்பிடத் தக்கதன்று. முதல் சில ஆண்டுகளுக்கு வீட்டின் துணை வேண்டியிருக்கும். கல்விக்கடன் எடுக்கும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, டெல்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியிலும் அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்திலும் நகர வடிவமைப்பு, மரபுப் பாதுகாப்பு ஆகிய இரண்டிலும் மேற்படிப்பு உண்டு. உங்கள் மகளுக்கு இவ்விரண்டில் நகர வடிவமைப்பையே நான் பரிந்துரைப்பேன். அதில் பழைய நகரத்தோடு புதிய விரிவாக்கங்களிலும் வேலை கிடைக்கும். அரசுப் பணியே இலக்கு என்றால், எம்.பிளான். என்னும் நகரமைப்பு முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் கூடுதலாகப் பொருந்தும். நகர் ஊரமைப்புத் துறைப் பணிகளுக்கான பழைய தேர்வாணைய அறிவிக்கைகளில் கல்வித் தகுதிப் பகுதியை இருவரும் சேர்ந்து படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மேற்படிப்பு நுழைவுக்கான, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் தாளுடன் நடக்கும் கேட் (GATE) தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். விண்ணப்பம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். அதுவரை ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினி நிலவரைபட மென்பொருளை உங்கள் மகள் நன்றாகப் பழகட்டும். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, நகர நில அளவைப் படத்திலுள்ள மனை எல்லைகளையும் இன்றைய நிலையையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்து ஒப்பிடட்டும். சில கல்லூரிகள் நேர்காணலில் வரைபடத் தொகுப்பைக் கேட்கின்றன. அழகான கணினிப் படங்களைவிட, மாற்றத்தை அளந்து காட்டும் அந்த இரண்டு தாள்களைத் தொகுப்பின் முதலில் வைக்கச் சொல்லுங்கள்.