மலை ஏறும் மின்சாரக் காருக்கு எந்த டயர்?

கேள்வி: என் மின்சாரக் கார் 34,000 கி.மீ. ஓடியிருக்கிறது. திங்கள் காலை பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைப் பள்ளிக்கு ஏறி, வெள்ளி மாலை இறங்குகிறேன். போன ஆடி மழையில், இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போனது. எதிரில் பஸ் வராததால் பிழைத்தேன். டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) இன்னும் இருக்கிறது. கிரிப் அதிகமுள்ள டயர் போடலாமா? ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும் என்கிறார் கணவர். (ஓர் ஆசிரியை, பொள்ளாச்சி)

பதில்: போடுங்கள் அம்மா. அடுத்த மழைக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

கணவர் சொல்வதும் சரிதான். டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நசுங்கி விரிகிறது. அதில் கொஞ்சம் சக்தி சூடாகி வீணாகும். இந்த விரயம் குறைந்த டயராகப் பார்த்துத்தான் மின்சாரக் கார்களுக்குக் கம்பெனியிலேயே போட்டு அனுப்புகிறார்கள். அப்படிச் செய்த டயர்கள் சிலவற்றில் ஈரப் பிடிமானம் அடிபட்டுவிடுகிறது. என் காரில் நான்கையும் மாற்றியபோது, 290 கி.மீ. தந்த முழு சார்ஜ் 270 ஆனது. உங்கள் பாதை சுமார் 65 கி.மீ. அந்த 20 கி.மீ. உங்களுக்கு எதற்கு? ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, அங்கே வேண்டியது பிடிமானம்.

அன்று நடந்ததை ஊகிக்க முடிகிறது. வளைவைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்திருப்பீர்கள். காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்துப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், அதுதான் ரீஜென். முன்சக்கர டிரைவ் காரில் அது அந்த முன்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். திருப்ப வேண்டிய ரப்பரே பிரேக்கும் பிடிக்க வேண்டும். ஈரத்தில் இரண்டும் சேர்ந்து முடியாமல் போகும். மழையில் ரீஜெனை நடு நிலையில் வைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலை மெல்ல எடுங்கள். வால்பாறையில் சார்ஜ் போட்டால் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் ரீஜென் சரியாக வேலை செய்யாது, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும்.

டயர் வாங்கும்போது அளவை மாற்றாதீர்கள். பக்கவாட்டில் 215/60 ஆர்16 95எச் என்பதுபோல எழுதியிருக்கும். அந்த 95, ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. பேட்டரியே நூற்றுக்கணக்கான கிலோ கனக்கிற வண்டி என்பதால் உங்கள் டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. பட்டனில் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத்தில் தரையைக் கவ்வுவது அவைதான். தயாரிப்புத் தேதி நாலு இலக்கமாக இருக்கும்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்ட விடாதீர்கள்.

முன்னால் இரண்டு மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்டயர் தேய்ந்ததாக இருந்தால், மழையில் வண்டியின் வால் சுழன்றுவிடும். நான்கையும் மாற்றுங்கள். ஜாக்கியை, குறியிட்ட இடத்தில்தான் வைக்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். காரின் தரைக்குக் கீழே முழுக்கப் பேட்டரி. காற்று, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது.

புது டயரின் மேல்பூச்சு தேயும்வரை அதுவும் கொஞ்சம் வழுக்கும். முதல் 300 கி.மீ. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் சமவெளியிலேயே ஓட்டி முடித்துவிட்டு, அப்புறம் ஆழியாறு தாண்டுங்கள்.