தீ விபத்துக்குப் பின் கொடுத்த வண்ணப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருந்தால்

உறையைப் பிரித்து, பென்சிலைச் சீவி, தாளோடு சேர்த்துக் கையில் கொடுங்கள். குடிசைகள் எரிந்த தெருவில் 40 பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்த வண்ணப் பென்சில் பெட்டிகளில் பாதிக்கு மேல் பத்து நாளாகியும் திறக்கப்படவில்லை என்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெரும்பாலும் அம்மாதான் எடுத்து வைத்திருப்பார். எல்லாம் சாம்பலான வீட்டுக்கு வந்த முதல் புதுப் பொருள் அது. பள்ளி திறந்தால் ஆகுமே என்று பத்திரப்படுத்துகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரு மாலை பாயும் பரீட்சை அட்டைகளும் கொண்டுபோய், பொதுப் பென்சில்களை நடுவில் கொட்டி, நீங்களே வரையத் தொடங்குங்கள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் சிக்கல் அவர்கள் ஆர்வத்தில் இல்லை, பெட்டியில்தான். அடுத்த முறை பள்ளி நோட்டுகளையும் பேனாக்களையும் தனியாகக் கொடுத்துவிடுங்கள், வண்ணங்கள் விளையாட்டுக்கு மிஞ்சும். மெழுகு க்ரேயான் வேண்டாம். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் அது உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு மூட்டையை வீணாக்கித்தான் நான் இதைக் கற்றேன்.

ஒன்று மட்டும் கவனம்: தீயை வரையச் சொல்லாதீர்கள், தானாக வரைந்தால் தடுக்கவும் வேண்டாம். வண்ணப் பெட்டி சிகிச்சை ஆகாது. ஒரு மாதம் கடந்தும் இரவில் அலறல், பள்ளிக்குப் போக மறுப்பு என்று நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பெற்றோரிடம் கொடுத்து வையுங்கள்.