நிகிதா ஆண்பிள்ளைப் பெயர்

கேள்வி: தாத்தா காலம் தொட்டு எங்கள் வீட்டில் லெனின், ஸ்டாலின், கார்க்கி என்றுதான் பெயர். இப்போது இரட்டைக் குழந்தைகள், ஆணொன்று பெண்ணொன்று. இணையத்தில் ‘தூய ஸ்லாவியப் பெயர்கள்’ என்ற பட்டியலில் ஆணுக்கு இவான், விளாதிமிர் (உலகை ஆள்பவன்), பெண்ணுக்கு நடாஷா, நிகிதா என்று போட்டிருக்கிறார்கள். எதை வைக்கலாம்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். ஸ்லாவியம் என்பது ரஷ்யா, உக்ரைன், செர்பியா, செக் நாடு முதலான இடங்களில் பேசும் மொழிகளின் குடும்பம். நீங்கள் சொன்ன நாலில் மூன்று ஸ்லாவியமே இல்லை. இவான், எபிரேயத்திலிருந்து வந்த நம்மூர் யோவான்தான். நடாஷா என்பது நதாலியாவின் செல்லப் பெயர். மூலம் லத்தீன், கிறிஸ்து பிறந்த நாளைக் குறிப்பது. நிகிதா கிரேக்கம், ‘வெல்ல முடியாதவன்’. வெல்ல முடியாத‘வன்’, கவனியுங்கள். சோவியத் தலைவர் குருஷ்சேவின் பெயர் நிகிதா. சமஸ்கிருத வழியில் நம் பெண்களுக்கு வைக்கும் நிகிதா வேறு. அந்தப் பெண் மருத்துவம் படிக்க ரஷ்யா போனால், பெயரை மட்டும் பார்ப்பவர்கள் பையன் என்றே எண்ணுவார்கள். மிஷா (மிகயில்), வான்யா (இவான்) இரண்டும் அங்கே பையன்களைக் கூப்பிடும் செல்லப் பெயர்கள். சாஷா போன்ற சில இருபாலுக்கும் பொது.

இப்படிக் கலந்ததற்குக் காரணம் உண்டு. 988இல் கீவ் நகரை ஆண்ட விளாதிமிர் கிறிஸ்தவத்தைத் தழுவினார். ஞானஸ்நானத்தில் அவருக்கே வசீலி என்ற கிரேக்கப் பெயர்தான் கிடைத்தது. அதன்பின் திருச்சபையின் புனிதர் நாள்காட்டியில் இருக்கும் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது மெல்ல மெல்ல வழக்கமானது. பழைய பெயர்களில், புனிதராகிவிட்ட யாராவது தாங்கிய சில மட்டும் தப்பின. விளாதிமிரும் அப்படித் தப்பியதே. பழைய ராஜவம்சப் பெயர்களாயிற்றே என்று ஓல்கா, இகோர், ஓலெக் பக்கம் போகாதீர்கள். அவை ஸ்காண்டிநேவியாவின் ஹெல்கா, இங்வார், ஹெல்கி.

அசல் ஸ்லாவியப் பெயர் பெரும்பாலும் இரண்டு துண்டு. ‘ஸ்லாவ்’ புகழ், ‘விளாத்’ அல்லது ‘வோலோத்’ ஆட்சி, ‘ராத்’ மகிழ்ச்சி, ‘மில்’ அன்பு, ‘போக்’ கடவுள். இவை போன்ற துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் ஸ்வியாதஸ்லாவ், யாரஸ்லாவ், ரதோமிர், போகுமில் என்று வரும். விளாதிமிரின் கடைசித் துண்டு ஆதியில் ‘மேர்’, அதாவது பெரியவன், பேர்பெற்றவன். ‘மிர்’ என்றால் உலகம், அமைதி என்பது பிறகு ஒலியை வைத்து ஒட்டிக்கொண்ட விளக்கம். ‘உலகை ஆள்பவன்’ அங்கிருந்து கிளம்பியதுதான். சகலத்தையும் ஆள்பவன் வேண்டுமானால் விசேவலத் இருக்கிறான், ஆனால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாயில் அந்தப் பெயர் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு, நமக்கு நன்றாகப் புரியும். செர்பிய மொழிக்கு அகராதி தந்த வூக் கராஜிச்சுக்கு (1787–1864) முன்பு பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. சூனியக்காரி ஓநாயைத் தொடமாட்டாள் என்று இவருக்கு ‘வூக்’, ஓநாய், என்று வைத்தார்கள். பழைய ரஷ்யாவில் கண்ணேறு படாமலிருக்க ‘நெக்ராஸ்’, அழகில்லாதவன், என்றும் வைத்ததுண்டு. நம் பிச்சையும் குப்பனும் இதே கணக்குதான்.

இனி உங்கள் தாத்தா விஷயம். அவர் வைத்த மூன்றும் புனைபெயர்கள். லெனினின் முழுப் பெயர் விளாதிமிர் இல்யிச் உல்யானவ். விளாதிமிர் சொந்தப் பெயர், இல்யிச் ‘இல்யாவின் மகன்’, உல்யானவ் குடும்பப் பெயர். நடுப்பெயர் நம் இனிஷியல் செய்யும் வேலையைச் செய்கிறது. ஆனால் மரியாதையாகக் கூப்பிடும்போது முதல் இரண்டையும் சேர்த்து ‘விளாதிமிர் இல்யிச்’ என்பார்கள். கார்க்கி, அலெக்சேய் மக்சீமவிச் பெஷ்கவ். கார்க்கி என்றால் ‘கசப்பானவன்’. ஸ்டாலின்தான் வேடிக்கை. ‘ஸ்தால்’ என்றால் ரஷ்ய மொழியில் எஃகு, அதுவும் ஜெர்மன் சொல் வழி வந்தது. ஆளோ ஜார்ஜியர், குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. ‘இன்’ விகுதி மட்டுமே ஸ்லாவியம்.

அந்த விகுதி ‘இன்னாருடைய’ என்று பொருள் தரும். மூலச்சொல் ‘ஆ’வில் முடிந்தால் ‘இன்’ சேரும்: நிகிதா–நிகிதின், ககாரா என்ற நீர்ப்பறவையிலிருந்து ககாரின். மெய்யில் முடியும் ஆண்பால் சொல்லானால் ‘ஓவ்’ அல்லது ‘எவ்’: இவான்–இவானவ், மெத்வேத் (கரடி)–மெத்வேதெவ். ‘ஸ்கி’ பெரும்பாலும் ஊரைச் சொல்லும். தஸ்தயேவ்ஸ்கி குடும்பத்தின் பெயர் இன்றைய பெலாரூஸில் உள்ள தஸ்தோயெவா ஊரிலிருந்து வந்தது. ‘யென்கோ’ உக்ரைன் பக்கம். இந்த முடிவுகளைப் பார்த்தால் அது குடும்பப் பெயர் என்று கொண்டு, குழந்தைக்குச் சொந்தப் பெயராக வைப்பதைத் தவிருங்கள். பெண்ணானால் அதுவே இவானவா, நிகிதினா என்று மாறும். பெண் குழந்தையைப் பெத்ரோவ் என்றோ பையனை ஷரப்போவா என்றோ பதிந்தால் அங்குள்ளவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

பையனுக்கு மிலன் வையுங்கள். செர்பியாவிலும் செக் நாட்டிலும் புழங்கும் பெயர், ‘அன்புக்குரியவன்’, தமிழ் நாக்குக்கும் சிரமமில்லை. பெண்ணுக்கு ஸோரா (விடியல்) அல்லது வெஸ்னா (வசந்தம்). எனக்கு வெஸ்னா பிடிக்கிறது. பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், ஆகவே அவசரப்பட வேண்டாம்.