முதலில் கடிதம், அப்புறம் வீடு

திருச்சியிலிருந்து ஆகஸ்டில் டல்லாஸ் வரும் தம்பி கேட்டிருக்கிறார்: ஆறு வயது மகளுக்குக் காது கேட்காது, பார்வையும் குறைவு. எந்தப் பள்ளி நல்லது, ஃபீஸ் எவ்வளவு, வாடகை எப்படி, விசாவில் சிக்கல் வருமா?

வாடகையைக் கூகிளிடம் கேளுங்கள். ஃபீஸ் கிடையாது, அரசுப் பள்ளியில் சிறப்புக் கல்வி இலவசம், 1975-லிருந்து சட்டம். விசாவைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் சொன்ன வழக்கே இந்த டெக்சாஸின் டைலர் ஊர் வழக்குதான். "லேபிள் ஒட்டிடுவாங்க, ஆறு மாசம் சொல்லாம இருந்து பாருங்க" என்று ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் சாம்பார் சாதத் தட்டோடு ஒரு அண்ணன் கட்டாயம் வருவார். சாதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலேயே வேறு மாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பழைய பள்ளி எழுதிக்கொடுத்த உதவித் திட்டத்துக்கு இணையான உதவியை உடனே கொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தால் அது பொருந்தாது, எல்லாம் முதலிலிருந்து. அதனால் பெயர் சேர்க்கும் அன்றே பள்ளி மாவட்டத்தின் (பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) சிறப்புக் கல்வி இயக்குநருக்கு, பிரின்சிபாலுக்கும் நகலோடு, மின்னஞ்சல் அனுப்புங்கள்: "செவி, பார்வை இரண்டிலும் குறைபாடு இருப்பதாகக் கருதுகிறோம், முழு மதிப்பீடு கேட்கிறோம்." வாயால் சொன்னது கணக்கில் வராது. 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் சம்மதப் படிவம் தர வேண்டும், இல்லை காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு அறிக்கைக்கு 45 பள்ளி நாட்கள், அதன்பின் பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து உதவித் திட்டத்தை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு 30 நாட்கள். கடைசி 30 மட்டும் காலண்டர் நாள், மற்றவை பள்ளி நாள் கணக்கென்பதால் ஆகஸ்டில் கொடுத்தாலே தீபாவளி தாண்டிவிடும். நடுவில் பிள்ளை மூன்று நாளோ அதற்கு மேலோ லீவு போட்டால் அத்தனை நாளும் கூடும்.

ஊரிலிருந்து இரண்டு அறிக்கை வேண்டும். கண் மருத்துவரிடம் பார்வைக் கூர்மையோடு பார்வைப் புலத்தின் அளவையும் டிகிரியில் எழுதி வாங்குங்கள். நம் 6/60 இங்கே 20/200, குழம்ப வேண்டாம். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் இரு காதுக்கும் தனித்தனியாக, கருவியோடும் கருவி இல்லாமலும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். காதுக்கு ஒரு டிக், கண்ணுக்கு ஒரு டிக் போட்டு முடித்துவிடுவார்கள். காது ஆசிரியர் வருவார், கண் ஆசிரியர் வருவார். இரண்டும் சேர்ந்தால் என்னாகும் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். சட்டத்தில் 'டெஃப்பிளைண்ட்' (செவி, பார்வை இரண்டிலும் குறைபாடு) தனி வகை. இரண்டு புலனும் முழுதாகப் போயிருக்க வேண்டியதில்லை. அந்த வகையில் மதிப்பிடச் சொல்லுங்கள். 'இன்டர்வீனர்' தேவையா என்ற கேள்வியையும் மேசையில் வையுங்கள். இன்டர்வீனர் ஆயாவும் இல்லை, சைகை மொழிபெயர்ப்பாளரும் இல்லை. சுற்றிலும் நடப்பதைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுவந்து, அவளே செய்யும்வரை பொறுத்திருக்கப் பயிற்சி பெற்றவர். பயிற்சி இல்லாத உதவியாளரைப் போட்டால் ஷூ மாட்டுவது முதல் எல்லாவற்றையும் அவரே செய்துவிடுவார்.

இங்கே ஏ.ஆர்.டி. என்று சொல்லும் அந்தக் கூட்டத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. உங்களுக்கு இங்கிலீஷ் வரும் சரி, வீட்டுக்காரம்மாவுக்கு? நம்மவர்கள் கௌரவம் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்து வாட்ஸ்அப்பில் புலம்புவதை நிறையப் பார்த்தாயிற்று. 'தேவைப்படும்போது' என்ற சொல் திட்டத்தில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வந்த புதிதில் அந்தச் சொல்லைப் பார்த்து நானும் குளிர்ந்து போனவள்தான். 'வாரம் 3 முறை, 45 நிமிடம், பிள்ளைக்கு நேரடியாக' என்று இருந்தால்தான் வராத நாளுக்குக் கணக்குக் கேட்க முடியும். 'ஆலோசனை' என்று எழுதினால் ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் பேசிவிட்டுப் போய்விடலாம். உடன்பாடில்லையென்றால் அன்றே ஒப்புக்கொள்ள வேண்டாம்; 10 பள்ளி நாட்களுக்கு மிகாமல் தள்ளிவைத்து மறுபடி கூடலாம். காதுக்கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் பள்ளியின் கடமை. யார், எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள்.

ஆஸ்டினில் பார்வையற்றோர் பள்ளி, காதுகேளாதோர் பள்ளி இரண்டுமே 1856-லிருந்து இருக்கின்றன. இப்போதே விடுதியை யோசிக்காதீர்கள். பார்வையற்றோர் பள்ளியின் அவுட்ரீச் குழு உங்கள் பள்ளிக்கே வந்து இலவசமாக ஆலோசனை தரும். பள்ளிக்குப் பத்துக்குப் பத்து ரேட்டிங் பார்த்து வீடு பிடிப்பதும் இந்தப் பிள்ளைக்கு உதவாது. வட்டாரக் காதுகேளாதோர் பகல்பள்ளித் திட்டம் எந்த வளாகத்தில் நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

அங்கே கற்ற சைகை இங்கே வேறு. இந்தியச் சைகையில் ஆங்கில எழுத்துக்கு இரு கை, அமெரிக்கச் சைகையில் ஒரு கை. பிரெய்லில் இந்தத் தொல்லை குறைவு: நம் 'க'வின் 1, 3 புள்ளிதான் ஆங்கிலக் 'கே'யும். தொடங்கியிருந்தால் நிறுத்த வேண்டாம்.

மொழி பிடிபடும்வரை பொருள்தான் பேசும். நீளப் பெட்டி ஒன்றில் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு பொருள், அடுத்து என்ன என்று அவளுக்குச் சொல்ல. ஸ்பூன் என்றால் சாப்பாடு, சீட் பெல்ட் துண்டு என்றால் பஸ். முடிந்ததும் அந்தப் பொருளை அவளே எடுத்து 'முடிந்தது' பெட்டியில் போடுவாள். கடைப் பொம்மை ஸ்பூனை வைத்தால் ஒன்றும் புரியாது, அவள் கை அறிந்த ஸ்பூனாக இருக்க வேண்டும். வீட்டில் தினம் சாப்பிடும் எவர்சில்வர் ஸ்பூனையும் டம்ளரையும் மறக்காமல் பயணப் பெட்டியில் போடுங்கள். குக்கர் இங்கேயே கிடைக்கும்.